அச்சுக்கு எண்ணெய் வார்த்தவர்கள்

1979ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி, சனிக்கிழமை இரவு. கனடாவின் டொரோண்டோ நகருக்கு மேற்கே, மிசிசாகா நகரை நோக்கி 106 பெட்டிகளுடன் ஒரு சரக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. பாதையோரம் குடியிருந்த சிலர் அந்த ரயிலில் ஏதோ கோளாறு இருப்பதைக் கண்டனர். நடுவே ஒரு பெட்டியின் சக்கரத்தருகே புகை வந்தது, தீப்பொறி பறந்தது. ஆனால் ரயிலில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், புகைந்துகொண்டிருந்த 33ஆவது பெட்டியிலிருந்து ஓர் அச்சும் அதன் இரண்டு சக்கரங்களும் கழன்று விழுந்தன. சற்றுத் தூரம் இழுபட்ட அந்தப் பெட்டி தடம் புரண்டது. அதைத் தொடர்ந்து 23 பெட்டிகள் சரிந்தன. அவற்றில் புரோப்பேன் எரிவாயு நிரம்பிய தொட்டிகள் இருந்தன. கூடவே குளோரின் நச்சு வாயு ஏற்றிய ஒரு தொட்டியும் இருந்தது. புரோப்பேன் வெடித்தது, குளோரின் கசிந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். மூன்று மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகள் இடம் மாற்றப்பட்டனர். நல்வினையாக ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இத்தனைக்கும் காரணம் என்ன? சதியா? இல்லை. ஓட்டுநரின் தவறா? அதுவும் இல்லை. அச்சின் முனையில் இருந்த ஒரு தாங்கிக்கு எண்ணெய் போதவில்லை. அவ்வளவுதான்!

அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்பார்கள். அச்சாணி இருந்தும் எண்ணெய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிசிசாகா சாட்சியாயிற்று. ரயில் தோன்றி ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும், நிலவில் மனிதன் கால் வைத்துப் பத்தாண்டு ஆன பிறகும், ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் இல்லாமல் போனது எப்படி? அந்தக் கேள்விக்கு விடை காண, அச்சுக்கு எண்ணெய் இட்ட கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

மாட்டுவண்டியும் ரயில்வண்டியும்

மாட்டுவண்டியில் அச்சு அசையாது. இருசு என்று கிராமத்தில் சொல்லும் அந்த அச்சு அப்படியே இருக்க, சக்கரம் மட்டும் அதைச் சுற்றி உருளும். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்துக் கரிய மசகு செய்து, சக்கரத்தைக் கழற்றிப் பூசுவார்கள். மசகு தீர்ந்தால் சக்கரம் கிறீச்சிடும். அந்தச் சத்தமே வண்டிக்காரருக்கு எச்சரிக்கை. வண்டி மெதுவாகப் போவதால் ஆபத்தும் மெதுவாகவே வரும்.

ரயில்வண்டி அப்படியல்ல. அதில் சக்கரமும் அச்சும் ஒன்றாக இறுக்கப்பட்டு ஒன்றாகச் சுழல்கின்றன. சக்கரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் அச்சின் முனைமேல் ஒரு பித்தளைத் தாங்கி கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். பெட்டியின் பாரம் முழுவதும் அந்தத் தாங்கி வழியாகவே அச்சில் இறங்குகிறது. நூறு டன் எடையுள்ள ஒரு சரக்குப் பெட்டிக்கு நான்கு அச்சுகள், எட்டு முனைகள். ஆக, கைக்கடக்கமான ஓர் உலோகத் துண்டின் பங்குக்கு 12 டன்னுக்கும் மேற்பட்ட சுமை! அந்தச் சுமையின் கீழ் அச்சு நிமிடத்துக்குப் பல நூறு முறை சுற்ற வேண்டும். உலோகம் உலோகத்தை நேரடியாகத் தொட்டால் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும்.

இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் பெரிதாகத் தலைதூக்கியது. மாட்டுக் கொழுப்பு வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த ரயில் நிறுவனத்தின் செயலாளராக இருந்த ஹென்றி பூத் என்பவர் 1835இல் ஒரு புதிய மசகுக்குக் காப்புரிமை பெற்றார். கொழுப்பு, சோடா உப்பு, தண்ணீர் ஆகியவற்றுடன் அதில் சேர்ந்த முக்கியப் பொருள் எது தெரியுமா? செம்பனை எண்ணெய்!

தாங்கிக்கு மேலே இருந்த பெட்டியில் இந்த மஞ்சள் மசகு கெட்டியாக நிரப்பப்பட்டது. ஓட ஓட அச்சு சூடேறும். சூட்டில் மசகு இளகி அச்சின் மேல் வடியும். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் தாங்கி சூடான பிறகுதான் மசகு இளகும் என்பது அதன் குறை.

மலேசியத் தமிழர்களுக்குச் செம்பனை என்றதும் தோட்டம் நினைவுக்கு வரும். அந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1807இல் பிரிட்டன் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. அதன் பிறகு அதே கடற்கரையிலிருந்து பீப்பாய் பீப்பாயாகச் செம்பனை எண்ணெய் லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. சவர்க்காரம், மெழுகுவர்த்தி, இயந்திர மசகு என்று தொழிற்புரட்சியின் பல தேவைகளுக்கும் அது ஈடுகொடுத்தது. பின்னர் 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வணிக நோக்கிலான முதல் செம்பனைத் தோட்டம் உருவானது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரே தமிழ் என்பது குறிப்பிடத்தக்கது. ரயில் சக்கரத்தை உருள வைத்த எண்ணெயின் பயிர், தமிழர் உழைத்த மண்ணில் அப்படித்தான் கால் ஊன்றியது.

எண்ணெய்க் கேனுடன் நடந்தவர்கள்

1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியதன் பிறகு காட்சி மாறியது. கொழுப்பும் தாவர எண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுக்கும், புளித்து உலோகத்தை அரிக்கும். நிலத்தடி எண்ணெய்க்கு அந்தக் குணம் குறைவு. அதனால் சிறிது சிறிதாக ரயில்கள் அதற்கு மாறின.

அமெரிக்க ரயில்களில் அச்சுமுனையை மூடிய ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. பஞ்சு நூல் கழிவை எண்ணெயில் ஊறவைத்து, அச்சின் அடிப்பக்கம் தொடும்படி அந்தப் பெட்டிக்குள் திணித்து வைப்பார்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அந்த நூல் எண்ணெயை மேலே கொண்டுவந்து அச்சில் தடவும். தாங்கியின் உட்புறத்தில் மென்மையான ஓர் உலோகக் கலவை பூசப்பட்டிருக்கும். வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு சேர்ந்த அந்தக் கலவையை 1839இல் அளித்தவர் ஐசக் பாபிட். எண்ணெய் சிறிது குறைந்தாலும் அச்சைக் கீறாமல் அந்த மென்மை காக்கும்.

ஆனால் யாராவது ஒருவர் எண்ணெய் ஊற்றியாக வேண்டுமே! ரயில் நிற்கும் இடங்களில் எல்லாம் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் கேனுடன் ஒருவர் நடப்பார். ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் திறப்பார், புறங்கையால் சூடு பார்ப்பார், நூல் உலர்ந்திருந்தால் எண்ணெய் வார்ப்பார். ஐம்பது பெட்டி என்றால் நானூறு மூடிகள். வெயிலானாலும் பனியானாலும் இதே வேலை.

அந்த வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் எலைஜா மெக்காய். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து அடிமைத்தளையை உடைத்துக் கனடாவுக்குத் தப்பிய பெற்றோருக்கு 1844இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பொறியியல் பயின்று திரும்பினார். படிப்பு பொறியியல், ஆனால் தோல் கறுப்பு. மிச்சிகன் மாநில ரயிலில் அவருக்குக் கிடைத்தது நிலக்கரி அள்ளிப்போடும் வேலையும் எண்ணெய் ஊற்றும் வேலையும்தான். எண்ணெய் இடுவதற்காகவே ரயில் அடிக்கடி நிற்பதைப் பார்த்த அவர், நீராவி இயந்திரத்தின் உருளைக்கு ஓட்டத்திலேயே எண்ணெய் சொட்டும் ஒரு கருவியை அமைத்து 1872இல் காப்புரிமை பெற்றார். எண்ணெய்க் கேனைப் பிடித்த கைதான் அந்தக் கேனுக்கு மாற்று என்ன என்றும் சிந்தித்தது. ஆனாலும் அச்சுமுனைகளுக்கு மனிதர்கள்தாம் இன்னும் பல பத்தாண்டுகள் நடக்க வேண்டியிருந்தது.

மரச்சக்கையைத் தள்ளிய எண்ணெய்

இவ்வளவு காலமும் எண்ணெய் என்ன செய்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது என்றால் நம்ப முடிகிறதா? எண்ணெய் வழுவழுப்பானது, அதனால் உராய்வு குறைகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

1879இல் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வு பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. சோதனைகளைச் செய்யும் பொறுப்பு பியூச்சாம்ப் டவர் என்ற பொறியாளரிடம் வந்தது. ரயில் அச்சைப் போலவே நான்கு அங்குலக் குறுக்களவுள்ள ஓர் அச்சைச் சுழலவிட்டு, அதன் மேல் பித்தளைத் தாங்கியை வைத்து, பாரம் ஏற்றினார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் மூழ்கியிருந்தது.

சோதனையின் நடுவே, வழக்கம்போல மேலிருந்து எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார்கள். இயந்திரத்தை ஓட்டியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கி வழிந்தது! தக்கை வைத்து அடைத்தார்கள். எண்ணெய் அதைத் தள்ளி எறிந்தது. மரச்சக்கை அடித்தார்கள். அதுவும் மெல்ல மெல்ல மேலே வந்தது. கடைசியில் அழுத்தமானி ஒன்றைத் துளையில் பொருத்தினார்கள். தாங்கியின் மேல் இருந்த பாரமோ சதுர அங்குலத்துக்குச் சராசரியாக 100 இராத்தல். மானியின் முள் 200ஐத் தாண்டி, அதற்கு மேல் காட்ட இடமில்லாமல் நின்றது.

1883இல் டவரின் அறிக்கை வெளிவந்தது. பித்தளை அச்சின் மேல் உட்காரவில்லை, எண்ணெயின் மேல் மிதக்கிறது என்பதே அதன் சாரம். பாரத்தைச் சுமப்பது உலோகம் அல்ல, தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்!

இது எப்படி முடிகிறது? சுழலும் அச்சு தன்மேல் ஒட்டிய எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. அச்சுக்கும் தாங்கிக்கும் நடுவே உள்ள இடைவெளி போகப் போகக் குறுகுகிறது. குறுகிய வழியில் நெருக்கித் தள்ளப்படும் எண்ணெய் எளிதில் தப்ப முடியாமல் அழுத்தம் பெறுகிறது. அந்த அழுத்தம் தாங்கியைத் தூக்கி நிறுத்துகிறது. 1886இல் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். ரஷ்யாவில் நிக்கோலாய் பெட்ரோவ் என்ற பொறியாளரும் 1883இல் எண்ணெயின் கெட்டித்தன்மையே உராய்வை முடிவு செய்கிறது என்று நிறுவியிருந்தார்.

டவரின் சோதனை ஒரு பழைய தவற்றையும் அம்பலமாக்கியது. தாங்கியின் உச்சியில் துளை போட்டு எண்ணெய் விடுவதுதான் அதுவரை பல இடங்களில் வழக்கம். அந்த உச்சியில்தான் அழுத்தம் மிக அதிகம். எண்ணெய் வெளியேறத் துடிக்கும் இடம் அது. வெளியே வரும் வாசலில் நின்றுகொண்டு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்! அழுத்தம் இல்லாத அடிப்பக்கத்திலிருந்து தாராளமாக எண்ணெய் கொடுக்க வேண்டும் என்பது தெளிவானது.

இன்னொன்றும் விளங்கியது. படலம் இருக்கும்வரை ஒன்றும் தேயாது. எண்ணெய் குறைந்து படலம் கிழிந்தால் சூடு ஏறும். சூடேறிய எண்ணெய் இன்னும் நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் படலத்தை மேலும் கிழிக்கும். பிறகு மென்கலவை உருகும், நூல் கழிவு பற்றி எரியும், இரும்பு இளகி அச்சின் முனை முறியும்.

நாற்றமே எச்சரிக்கை

அறிவு வந்துவிட்டது. ஆனால் நடைமுறை மாறவில்லை. எண்ணெய் தோய்ந்த நூலும் இரும்புப் பெட்டியும் மலிவு. இலட்சக்கணக்கான பெட்டிகளில் அவற்றை மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே காவலைக் கூட்டினார்கள். அமெரிக்கச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் ஊழியர்கள் உயரமான கண்ணாடி மாடத்தில் உட்கார்ந்து, முன்னே எங்காவது புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். பாதையோர நிலைய ஊழியர்களும் கடந்து போகும் ரயிலின் சக்கரங்களை உற்று நோக்குவார்கள்.

மூக்கும் காவலுக்கு வந்தது. 1938 ஜூலை 3ஆம் நாள் இங்கிலாந்தில் ‘மல்லார்ட்’ என்ற நீராவி இயந்திரம் மணிக்கு 126 மைல் வேகத்தில் பாய்ந்து உலகச் சாதனை படைத்தது. அதன் நடுச் சுழல்தண்டின் தாங்கியில் பெருஞ்சீரக வாசனை தரும் ஒரு குப்பி வைக்கப்பட்டிருந்தது. தாங்கி அளவுமீறிச் சூடானால் குப்பி உடைந்து வாசனை பரவும். சாதனை படைத்த சற்று நேரத்தில் அந்த வாசனை எழுந்தது. தாங்கி உருகிவிட்டது. வேகத்தைக் குறைத்து ஊர்ந்தபடியே மல்லார்ட் பீட்டர்பரோ நிலையத்தை அடைந்தது.

மலாயாவில் 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. பின்னர் கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையிலும் பாதைகளிலும் தமிழர்கள் பெருமளவில் உழைத்தனர். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையுடன் வீடு திரும்பிய தாத்தாவைக் கண்ட குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தக் கறைக்குப் பின்னால் எத்தனை பயணிகளின் பாதுகாப்பு இருந்தது என்பதை அந்தக் குடும்பங்களிலேயே பலர் அறிந்ததில்லை.

மூடிய தாங்கியும் திறந்த கண்ணும்

மாற்று இல்லாமல் இல்லை. 1898இல் அமெரிக்காவின் ஹென்றி டிம்கன் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். 1930இல் அச்சுகள் அனைத்திலும் இத்தகைய பேரிங் பொருத்திய நீராவி இயந்திரம் ஒன்று நாடெங்கும் ஓட்டிக் காட்டப்பட்டது. அத்தனை பெரிய இயந்திரத்தைச் சிலர் மட்டும் கயிறு கட்டி இழுத்து நகர்த்தினார்கள்! பயணிகள் ரயில்கள் இதை விரைவில் ஏற்றன. சரக்குப் பெட்டிகள் மட்டும் செலவுக்கு அஞ்சிப் பழைய தாங்கியுடனேயே காலம் தள்ளின.

மிசிசாகாவில் புகைந்த 33ஆவது பெட்டியில் இருந்ததும் அந்தப் பழைய வகைத் தாங்கிதான். ஆக, எண்ணெய் ஏன் தேவை என்று தெரியாமல் அந்த விபத்து நடக்கவில்லை. டவர் சொல்லி 96 ஆண்டுகள் ஆகியிருந்தன. டிம்கனின் பேரிங் வந்தும் 80 ஆண்டுகள் கடந்திருந்தன. தெரிந்ததைச் செய்யாமல் தள்ளிப்போட்டதுதான் குற்றம். நீதிபதி சாமுவேல் கிரேன்ச் தலைமையில் விசாரணை நடந்தது. ஆபத்தான பொருள்களை ஏற்றும் பெட்டிகளுக்கு உருளை பேரிங் வேண்டும், பாதையோரம் சூடு உணரும் கருவிகள் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. வட அமெரிக்காவில் பழைய தாங்கிகள் பொதுவான சரக்குப் போக்குவரத்திலிருந்து விலக 1990கள் ஆயின.

இதோடு கதை முடிந்துவிட்டதா? உருளை பேரிங்குக்கும் மசகு வேண்டும். ஆனால் அது உள்ளேயே அடைத்து முத்திரையிடப்பட்டது. அன்றாடம் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் முடியாது. புறங்கையால் சூடு பார்த்த மனிதரின் இடத்தைப் பாதையோரக் கருவி பிடித்துக்கொண்டது.

2023 பிப்ரவரி 3ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சுமார் 150 பெட்டிகளுடன் ஒரு சரக்கு ரயில் சென்றது. ஒரு கருவியைக் கடந்தபோது அதன் ஒரு பேரிங் வெளிக்காற்றைவிட 21 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருந்தது. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி அடுத்த கருவியில் 57 டிகிரி. எச்சரிக்கை எழுப்புவதற்கு நிர்ணயித்த அளவை அது எட்டவில்லை, ஆகவே ரயில் நிற்கவில்லை. அந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றின் கண்காணிப்புக் கேமராவிலோ, பெட்டியின் அடியில் நெருப்பு தெளிவாகப் பதிவாகியிருந்தது. அடுத்த கருவி சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில். அங்கே 141 டிகிரி! எச்சரிக்கை ஒலித்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் 38 பெட்டிகள் தடம் புரண்டன. வினைல் குளோரைடு இருந்த தொட்டிகளைத் திறந்து எரித்தபோது எழுந்த கரும்புகையை உலகமே தொலைக்காட்சியில் கண்டது.

1979இல் பாதையோர மக்கள் கண்ட தீப்பொறியை 2023இல் கேமரா கண்டது. இரண்டு முறையும் கண்டவர் ஒருவர், ரயிலை நிறுத்த வேண்டியவர் வேறொருவர். நடுவே செய்தி போய்ச் சேரவில்லை. முன்பு எண்ணெய்க் கேனுடன் நடந்த மனிதர் பார்ப்பதும் அவரே, கைகொடுப்பதும் அவரே. அவரை வீட்டுக்கு அனுப்பியதில் தவறில்லை. நானூறு மூடிகளைப் பனியில் திறந்து மூடும் வேலையிலிருந்து மனிதனுக்கு விடுதலை வேண்டியதுதான். ஆனால் அவர் செய்த காவல் யாருடைய பொறுப்பு என்பதை முடிவு செய்யாமல் அவரை அனுப்பிவிடக் கூடாது.

வண்டியின் இருசிலிருந்து ரயிலின் பேரிங் வரை பாரத்தைச் சுமப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம். அது இருக்கும்வரை அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக் காரோ, மோட்டார் சைக்கிளோ, தொழிற்சாலை இயந்திரமோ, எதுவானாலும் அடுத்த முறை சக்கரத்திலிருந்து புதிதாக ஒரு சத்தம் கேட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மிசிசாகாவின் இரண்டு இலட்சம் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதும் அப்படிப்பட்ட ஒரு சிறு புகையில் தொடங்கியதுதான்.